பால் வெட்டும்போது நான் சாப்பிட்ட சாப்பாடு

பிள்ளைகளே, உங்கள் மூன்று பேரைப் பற்றியும் பள்ளியிலிருந்து ஒரே புகார்தான் வருகிறது. உடம்பு வகுப்பில் இருக்கிறதாம், ஆள் அங்கே இல்லையாம். "யாரு புத்தி இது?" என்று உங்கள் அம்மா என்னைப் பார்த்துக் கேட்கும்போதெல்லாம் நான் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன். ஒளிந்து பயனில்லை, என் புத்திதான். தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். மனம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கத் தெரியாது. என் மனம் வேலை செய்யாமல் போன ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம். திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்குப் பால்வெட்டு, உங்கள் அம்மாவுக்குப் பால் எடுக்கும் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாதி ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டிருந்தார்கள். மூன்று வேளையும் அந்தக் கிழங்குதான். அவ்வப்போது லாரி வந்து, சயாமில் ரயில் பாதை போட ஆள் ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் அதுவரை ஒருவர்கூடத் திரும்பவில்லை. வேலையில் தப்பு செய்தவன் பெயர்தான் முதலில் போகும்.

பாலைப் பிடிக்கும் கிண்ணத்தை மங்கு என்போம். மழைத்தண்ணீர் சேராமலிருக்க, முதல்நாள் அதை மரத்துக் கம்பியில் கவிழ்த்துவிட்டுப் போவோம். மறுநாள் பட்டையைச் சீவியதும் நிமிர்த்த வேண்டும். சீவு, நிமிர்த்து, அடுத்த மரம். அவ்வளவுதான் வேலை.

அன்று முதல் மரத்தில் நான் நினைத்தது வெறும் சோறு மட்டும். சத்தியமாக. ஐந்தாவது மரத்தில் அதன்மேல் சாம்பார் விழுந்தது. பத்தாவது மரத்துக்குள் அது கல்யாணப் பந்தியாகிவிட்டது. வாழைக்காய் வறுவல் பரிமாற வந்தவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான். எனக்கு வந்ததே கோபம்! அவனோடு இருபது மரத்துக்குச் சண்டை போட்டேன். அவன் சொந்தக்காரர்களெல்லாம் வந்தார்கள். கை பாட்டுக்குச் சீவிக்கொண்டே இருந்தது, ஒரு பட்டையிலும் காயம் படவில்லை. அந்தக் கையை நான் இன்றும் மெச்சுகிறேன்.

மனம் நம்மிடம் சொல்லிக்கொண்டு போவதில்லை. திரும்பி வந்த பிறகுதான் அது போயிருந்ததே நமக்குத் தெரிகிறது. என் மனத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது உங்கள் அம்மாவின் குரல்.

"ஏங்க, பாலு எங்க?"

அவள் வாளி காலி. திரும்பிப் பார்த்தேன். நான் வெட்டிவந்த மர வரிசை முழுக்க மங்குகள் கவிழ்ந்தபடியே இருந்தன. பால் அவற்றின் முதுகில் விழுந்து வழிந்து மண்ணில் உறைந்துகொண்டிருந்தது. அவள் உட்கார்ந்து, மண்ணோடு ஒட்டியிருந்த பாலைப் பெயர்த்து வாளியில் போட ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்தேன்.

அதற்குள் எங்கள் வேலையைப் பார்க்கும் கங்காணி வந்துவிட்டார்.

"டேய், என்னடா இது? நாளைக்கு லாரி வருதுன்னு தெரியுமில்ல? ஜப்பான்காரன் ஏழு பேரு கேக்குறான். ஆறு பேரு எழுதிட்டேன். ஏழாவதுக்கு நீயே வந்து நிக்கிறியே!"

"அண்ணே, எழுதிடாதீங்கண்ணே," என்று அழுதாள் உங்கள் அம்மா.

"புத்திய எங்கடா வச்சிருந்த?"

நல்ல பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். அதற்கும் கொஞ்சம் புத்தி வேண்டுமே. "சோத்துலண்ணே," என்றேன்.

அவர் ஓங்கிய கை அப்படியே நின்றது. "என்னா கொழம்பு?"

"சாம்பாருண்ணே."

"கத்திரிக்கா கெடந்துச்சா?"

"முருங்கக்காயும் கெடந்துச்சுண்ணே."

"அப்பளம்?"

நான் யோசித்தேன். "அப்பளம் வரலண்ணே. அதுக்குள்ள சண்ட வந்துருச்சு."

"அப்பளம் இல்லாம ஒரு சாப்பாடாடா?" என்று நிஜமாகவே கோபப்பட்டார். பிறகு மரத்தில் சாய்ந்து, எங்கேயோ பார்த்தபடி எச்சிலை விழுங்கினார். அவருக்கும் வீட்டில் கிழங்குதானே. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, நாங்கள் நாலு மரத்துப் பாலைப் பெயர்த்துவிட்டோம்.

திடுக்கென்று நிமிர்ந்தார். "மண்ணு ஒட்டினதக் கழுவி, மரத்துல ஒட்டிக் காஞ்ச ஒட்டுப்பாலோட சேத்துக் கொண்டா. கேட்டா மழையில போச்சுன்னு சொல்லிக்கிறேன். இன்னொரு தடவ பந்திக்குப் போன, ஒன்ன நானே லாரியில ஏத்துவேன்!"

ஏழாவதாக யார் பெயரை எழுதினார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் லாரி போனபோது பார்க்கவும் இல்லை. இதில் மட்டும் என்னைக் கேலி செய்துகொள்ள எனக்கு வரவில்லை.

அன்று வேலை முடிந்து வரும்போது உங்கள் அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். வாசலுக்கு வந்ததும், "அந்தப் பந்தியில எனக்கு எல போட்டீங்களா?" என்று கேட்டாள்.

சாம்பாரில் கிடந்த காயெல்லாம் நினைவிருந்தது. பரிமாறியவன் மீசைகூட நினைவிருந்தது. பந்தியில் எங்கே தேடியும் அவள் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

நான் அடுப்பை மூட்டிக் கிழங்கை வேக வைத்தேன். வெந்ததும் பிளந்து நடுநரம்பை உருவினேன். மாவாக வெந்திருந்த துண்டுகளை அவள் தட்டில் வைத்து மூடினேன்.