வாய் நிறைய வெற்றிலை

தெஹியோவிட்ட பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் வெற்றிலை மடித்ததும், சுண்ணாம்பு வாசனையோடு என் அம்மாவைப் பெற்ற அம்மாயி வந்துவிட்டாள். இன்று காடாகிப்போன எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே, சருகு நொறுங்க என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கும்போது ஓயாமல் பேசுவாள். மெயின் ரோடு தெரிந்ததும் கதையைப் பாதியில் விட்டு, வெற்றிலையை வாய் நிறைய அடக்கிக்கொள்வாள்.

"வாயில வெத்தல இருந்தா யாரும் பேச்சுக் குடுக்க மாட்டாங்கடி."

தமிழ் பேசினான் என்று அவள் தம்பியை ஒருமுறை சிங்களவர் சிலர் பஸ்ஸிலிருந்து இழுத்துப்போட்டு அடித்திருந்தார்கள். எனக்கு வரவேண்டிய பேச்சை எல்லாம் அவர்கள்தான் தின்றார்கள். தன் கல்யாணத்தன்று ரப்பர் ஸ்டோருக்குள் ஓடி ஒளிந்த கதையை ஆரம்பித்தவள், மீதியைச் சொல்லாமலே ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனாள்.

அந்தக் கதையைத்தான் பஸ் வரும்வரை என் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏறியதும், வழக்கம்போல அவள் வாயில் ஒரு டொபியைப் போட்டேன். ஏன் போடுகிறேன் என்பது இன்றுதான் உறைத்தது.

அவள் அதைக் கையில் துப்பிவிட்டு, பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கேட்டாள்: "அப்புறம் ஒங்க அம்மாயி என்னம்மா பண்ணுச்சு?"

"தெரியாது" என்றேன், அவளைவிடச் சத்தமாக. "சொல்லி முடிக்க விடலடி."