எதிர் வாசலில் எத்தனை லாரி

காசிமேட்டில் எங்கள் ஐஸ் கம்பெனிக்கு நேர் எதிரே இன்னொரு ஐஸ் கம்பெனி. நடுவில் ஒரு லாரி போகிற அளவுக்குத் தெரு. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அது ஏன் ஜன்னலைப் பார்த்துக் கோணலாகக் கிடக்கிறது என்று முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. அதில் உட்கார்ந்தால் எதிர்க் கம்பெனியின் கேட் முழுசாகத் தெரியும். எதிர்க் கம்பெனிக்காரரும் தன் நாற்காலியை அப்படித்தான் போட்டிருந்தார்.

கேட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்றால், தண்ணீர் லாரி. எங்கள் பக்கம் நிலத்தடித் தண்ணீர் உப்பு. ஐஸுக்கு லாரித் தண்ணீர்தான். அதை டின்னில் ஊற்றி குளிர்ந்த உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கினால், பாராக, அதாவது நீளக் கட்டியாக, உறைய இரண்டு நாள் ஆகும். ஆகவே நாளை மறுநாள் எத்தனை பார் போகும் என்று இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். விலையோ அன்று காலையில் மீன்பிடி போட்டுக்காரர்கள் வந்து நின்ற பிறகுதான் தெரியும். இரண்டு கம்பெனியும் தொட்டியை நிரப்பினால் விலை சரிந்துவிடும். மிச்சத்தைத் தொட்டியிலேயே வைத்திருந்தால் கரண்ட் பில் ஏறும், வெளியே எடுத்தால் சாக்கடையில் ஓடும். இரண்டு பேரும் பாதி போட்டால் இரண்டு பேருக்கும் சாப்பாடு. ஒருவர் பாதியும் மற்றவர் முழுசும் போட்டால், பாதி போட்டவர் ஏமாளி. அதனால் எதிர் வாசலில் எத்தனை லாரி நுழைகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் தொழில். ஐஸ் போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் பொருளாதாரம் படித்தவள். இரண்டே கம்பெனி இருக்கிற சந்தையைப் பற்றி எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. டீச்சர் பலகையில் இரண்டு கோடு இழுத்து, அவை வெட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். இங்கே வந்துவிட்டால் இருவருமே நகர மாட்டார்கள், யார் நகர்ந்தாலும் அவருக்குத்தான் நஷ்டம் என்றார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். அந்தப் புள்ளியில் வருஷக்கணக்காக உட்கார்ந்தால் இடுப்பு ஒடியும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொரு கஷ்டமும் உண்டு. நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், போட்டுக்காரர்கள் விட மாட்டார்கள். ஒரே டீக்கடையில் சேர்ந்து நின்றால் போதும், கூட்டு சேர்ந்து விலையை ஏத்தப் போறாங்க என்று பேச்சு கிளம்பும். மறுநாளே எண்ணூர் பக்கமிருந்து வேறு யாருடைய ஐஸோ வந்து இறங்கும். எதிர்க் கம்பெனிக்காரர் மகள் கல்யாணத்துக்குப் போனபோதுகூட, மொய் எழுதிவிட்டு, அவர் நின்ற பக்கம் திரும்பாமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஆனால் அவருக்கு முட்டி வலி வந்தது, பீடியை விட்டது, மறுபடி பிடித்தது எல்லாம் எனக்குத் தெரியும். கட்டின புருஷன் முகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

சில வருடங்களுக்கு முன்னால், மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசியில், எங்கள் தொட்டியைக் குளிர வைக்கிற இரண்டு கம்ப்ரசர்களில் ஒன்று படுத்துவிட்டது. தடை இருக்கிற இரண்டு மாதமும் போட்டு கடலுக்குப் போகாது, ஐஸும் விற்காது. தடை முடிகிற வாரம் எல்லாப் போட்டும் ஒரேயடியாகக் கிளம்பும். அந்த வாரத்து வியாபாரம்தான் இரண்டு மாதப் பள்ளத்தை மூடும். மெக்கானிக் பார்த்துவிட்டு, சாமான் வந்து சேரவே ஒரு மாதம் ஆகும் என்றார். பாதி ஐஸ்தான் போட முடியும். எதிரில் இருப்பவருக்கு இது தெரிந்தால், அவர் தொட்டியை நிரப்பி, விலையை உடைத்து, அந்த வாரத்திலேயே என் கம்பெனியை மூடவைத்துவிடலாம். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

எனவே வழக்கமான எட்டு லாரியையும் வரச் சொன்னேன். நாலு லாரி தண்ணீர் இறக்கியது. மற்ற நாலும் உள்ளே வந்து, சுவர் மறைவில் நின்று, டிரைவர்கள் டீ குடித்து முடித்ததும், இறக்காத தண்ணீரோடு காலடிப்பேட்டை ஃப்ளாட்டுகளுக்குப் போயின. நான் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். அவர் என் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரத்துக்குள் அவர் வாசலுக்கு வந்தது நாலே லாரி. நான் முழுசும் போடுகிறேன் என்று நம்பிப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். தடை முடிந்த வாரம் ஐஸுக்கு அடிதடி. போட்டுக்காரர்கள் திட்டிக்கொண்டே வாங்கிப் போனார்கள். கம்ப்ரசர் சரியானது, கம்பெனி பிழைத்தது. கொஞ்ச நாள் நான் பெரிய கில்லாடி என்ற நினைப்பிலேயே இருந்தேன். அந்த நினைப்பும் ஒரு வகையில் சந்தோஷம்தான்.

அந்த வருடக் கடைசியில் ஒரு போட்டுக்காரர் தவறிப்போனார். சாவு வீட்டில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் எவரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். ஷாமியானாவுக்குக் கீழே எதிர்க் கம்பெனிக்காரர் என் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மேளச் சத்தத்தில், ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"தடை முடியசொல்ல உன் லாரி நாலு தண்ணியோடவே திரும்பிப் போச்சு, இல்லம்மா?"

நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி எறங்கசொல்ல பின்னாடி தண்ணி சிந்திச்சு. காலி லாரி எங்கனா சிந்துமா?"

அப்படியானால் ஏன் பாதி போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நீ மூடிட்டா அந்த எடத்துக்கு வேற எவனோ வருவான். அவன் இன்னா பண்ணுவான்னு எனக்குத் தெரியாது. நீ இன்னா பண்ணுவேன்னு எனக்குத் தெரியும்."

முதலில் எரிச்சல்தான் வந்தது. கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைத்ததையெல்லாம் இந்த மனிதர் உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்திருக்கிறார். வீட்டுக்குப் போன பிறகு அழுகை வந்தது. கம்பெனி இன்னும் என் கையில் இருப்பது அவர் தயவில் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல நாள் ஆயிற்று. அவர் அதைத் தயவு என்று சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார். இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போன வருடம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மகன் வெளிநாட்டில் இருக்கிறான், ஐஸ் வேண்டாம் என்றுவிட்டான். ஒரு பெரிய கம்பெனி வந்து கேட்டது, அவர் விற்றுவிட்டுப் புழலில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். யார் வந்துவிடக் கூடாது என்று பயந்தாரோ, அவனையே என் எதிரில் உட்கார வைத்துவிட்டுப் போனார். நான் குறை சொல்லவில்லை. அந்தக் கம்பெனி என்னிடம் முதலில் கேட்டிருந்தால் அவரைவிட வேகமாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இப்போது எதிரில் ஆள் உயரத்துக்கு மேல் தகர கேட். லாரியே வருவதில்லை, தண்ணீர் குழாயில் வருகிறது, உள்ளேயே சுத்தம் செய்துகொள்கிறார்கள். விலை காலையில் போட்டுக்காரர்கள் செல்போனுக்கு வந்துவிடும், எப்போதும் என் கரண்ட் செலவுக்குக் கீழேதான். அவர்களால் இரண்டு வருடம் நஷ்டத்தில் விற்க முடியும். என்னால் இரண்டு மாதம் முடியாது. ஆனாலும் பழக்க தோஷம், தினமும் அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலைச் சாத்தவும் மனம் வரவில்லை.

போன மாதம் புழலுக்குப் போனேன். மூடப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நாங்கள் யாருக்கும் பயப்படாமல் பேசலாம். ஆனால் கட்டிலில் பாதியாக இளைத்துக் கிடந்தவரைப் பார்த்ததும், கொண்டுபோன பழத்தைத்தான் எடுத்து வைத்தேன். எழுந்து உட்கார்ந்து அவர்தான் முதலில் கேட்டார்.

"உன் கேட்டுல இப்ப எத்தினி லாரி வருது?"

"எட்டு வருதுண்ணே."

என்னையே பார்த்தார். அந்த ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாரே, அதே பார்வை.

"வருது, சரி. எறக்குதா?"

"இல்லண்ணே" என்றேன். "கம்ப்ரசர நிறுத்திட்டேன்."

அவரிடம் நான் உள்ளபடி சொன்ன முதல் கணக்கு அது. அவர் மகளைக் கூப்பிட்டு இரண்டு டீ போடச் சொன்னார். எனக்குக் கட்டிலில் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தபடி உட்கார்ந்து குடித்தோம்.