கல் வருகிறது என்று சொன்னவன் நான்தான்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று யோசித்தே பல வருஷங்கள் ஓடிவிட்டன. பேனாவை எடுப்பேன். சுவரில் இருக்கும் முருகன் படத்தைப் பார்ப்பேன். பேனாவை மூடிவிடுவேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் எதைத்தான் சொல்லாமல் விட்டேன்? பூரான் கடித்தது, கப்பலில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தது, என் சம்சாரம் கோபித்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருந்தது... எல்லாம் சொல்லியாயிற்று. இது ஒன்றை மட்டும் தொடவில்லை. சாமி சம்பந்தப்பட்ட விஷயம். ஐந்தாம் கிளாஸ் படித்தவன் நாலு பேருடைய பக்தியில் கை வைக்கலாமா என்ற பயம்.

போன வாரம் கல்யாணி வந்தாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஆனாலும் எனக்கு அவள் இன்னும் சின்னப் பெண்தான். கையில் அச்சடித்த நாலு தாள். எங்கள் கலை மன்றத்துக்கு விழா மலர் போடுகிறார்களாம்.

“சித்தப்பா, மொதல்ல இதப் படிங்க.”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். கல் விக்கிரகம் வேண்டிக் காத்திருந்த அடியார்களுக்காக முருகப்பெருமான் கல்லைக் கடலில் கரைத்துக் கைக்குழந்தையாகப் படகு அணையும் ஜெட்டியில் வந்து இறங்கினான் என்று போட்டிருந்தது. அந்தக் கைக்குழந்தை யார்? எதிரே காபியை ஆற்றிக்கொண்டிருந்த கல்யாணிதான்!

“கோயிலுக்குப் போனா என்னப் பாத்துக் கையெடுத்துக் கும்புடுறாங்க சித்தப்பா. கூச்சமா இருக்கு. அதக்கூட விடுங்க. இதுல எங்கம்மா எங்க? நாலு தாளும் தேடிட்டேன். அம்மா பேரே இல்ல.”

அவள் அம்மா செல்லம்மா போன ஆடியில்தான் கண்ணை மூடினார்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுதான் பாவம் என்று பட்டது. எழுதுகிறேன்.

அறுபதுகள். இந்தத் தீவில் மாயாபந்தர் பக்கம் அப்போது திரும்பின இடமெல்லாம் காடு. யானைகள் மரம் இழுக்கும். எங்கள் குடியிருப்புக்கு ஒரு சின்ன ஜெட்டி, இருபது முப்பது குடிசை. அவ்வளவுதான் ஊர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்டுப் பேர் கூடிப் பஜனை பாடினார்கள். அதுதான் மன்றத்தின் தொடக்கம்.

இருந்தது ஒரே ஒரு ஆர்மோனியம். அதிலும் இரண்டு கட்டை ஊமை. அந்த இடம் வரும்போது எல்லோரும் மூச்சை இழுத்துத் தாண்டிப் பாடுவார்கள். வங்காளிக் குழந்தைகளும் தெலுங்குக் குழந்தைகளும் எங்கள் பாட்டை அப்படியே, நடுநடுவே ஓட்டை வைத்தே பாடித் திரிந்தன. இப்போதுகூட முழுசாக யாராவது பாடினால் எனக்கு என்னவோ தப்பாகக் கேட்கிறது...

பஜனை நாடகமாக வளர்ந்தது. மேடைக்குப் பலகை மர அறுவை மில்லிலிருந்து இரவல். ஒரே நிபந்தனை, ஆணி அடிக்கக் கூடாது. திருப்பிக் கொடுக்கும்போது பலகையில் ஓட்டை இருக்கக் கூடாதே! என்ன செய்வது? தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்காரர் அந்தோணி அண்ணன் பிரம்பை ஊறவைத்து, வலை முடிச்சுப் போட்டே முழு மேடையையும் கட்டிவிடுவார். “மாதாவே, தாயே” என்று சொல்லிக்கொண்டே முருகனுக்கு மேடை கட்டுவார். ஏறி நின்றால் மேடை தோணி மாதிரி ஆடும். எங்கள் ராஜாக்கள் யாரும் அதட்டி நடந்ததே இல்லை. பூனை நடைதான்.

நாடகம் பட்டப்பகலில் நடக்கும். ஆச்சரியமாக இருக்கிறதா? இந்தத் தீவில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். தள்ளி இருக்கிற குடியிருப்புக்காரர்கள் டோங்கிப் படகில் துடுப்புப் போட்டு வருவார்கள். நீர் வற்றுவதற்குள் படகைத் திருப்ப வேண்டும். கடல் ஏறினால் முதல் காட்சி, கடல் இறங்கினால் மங்களம். எங்கள் சபா மணியைக் கடல்தான் அடித்தது.

இத்தனைக்கும் உயிர் ஒரு மனிதர். மருதமுத்து அண்ணன். சிவகங்கைப் பக்கத்துக்காரர், பகலெல்லாம் மரம் வெட்டுகிற கூலி. மேடையில் அவர்தான் கதாநாயகி. சேலை கட்டி நின்றால் பெண்களே கொஞ்சம் பொறாமையோடு பார்ப்பார்கள். கதை, பாட்டு, வசனம் எல்லாம் அவர் தலைக்குள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு வரிகூடக் காகிதத்தில் கிடையாது. அவர் போனால் மன்றமும் போச்சு.

அவர் போகத்தான் இருந்தார்.

சம்சாரம் செல்லம்மா மதினியைப் பிரசவத்துக்கு மெயின்லேண்டில் பிறந்த வீட்டுக்கு அனுப்பிப் பதினோரு மாசம். ஒரு சேதி இல்லை. அவர் சொல்லச் சொல்ல நான்தான் கடிதம் எழுதுவேன். ஒவ்வொரு கப்பலிலும் ஒரு கடிதம் போகும். பதில் வராது. பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியாது. மதினியின் அண்ணன்மார் எங்கள் கடிதங்களைத் தங்கைக்குப் படித்தே காட்டவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

“பங்குனி உத்திரம் வரைக்கும் பாப்பேன்டா தம்பி. அதுக்குள்ள சேதி வரலேன்னா அடுத்த கப்பல்ல ஏறிருவேன்.”

“போய்ட்டுத் திரும்பி வருவீங்கள்ல அண்ணே?”

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே உத்திரத்துக்கு எங்கள் குடிசைக் கோயிலில் மரத்தில் செதுக்கிய வேலாயுதத்தை எடுத்துவிட்டு ஒரு கல் முருகனை வைக்க வேண்டும் என்பதும் அவர் வேண்டுதல்தான். சென்னையில் சிற்பியிடம் சொல்லி வைத்திருந்தார். ‘மருதமுத்து கல்லு’ என்றுதான் ஊரே சொல்லும். எந்தப் படகு வந்தாலும், “மருதமுத்து கல்லு வந்துச்சா?” என்பார்கள்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். நான் தீவுக்கு வந்து ஒரு வருஷம்தான். வந்த நாள் முதல், “எனக்கு இந்தி தெரியும்” என்று அளந்து வைத்திருந்தேன். அதனாலேயே என்னை மன்றச் செயலாளராக்கினார்கள். எனக்குத் தெரிந்த இந்தி எவ்வளவு? பானி, சாவல், கித்னா, ஆயேகா, ஜாயேகா. தண்ணீர், அரிசி, எவ்வளவு, வரும், போகும். தீர்ந்தது.

உத்திரத்துக்கு முந்தின நாள். கடல் நன்றாக வற்றிக் கிடந்தது. லாஞ்ச் என்கிற மோட்டார் படகு ஜெட்டிப் பக்கம் வர முடியாது. லாஞ்ச் ஓட்டும் வங்காளி மண்டல் தூரத்திலேயே போய்க்கொண்டு, வாயில் கையைக் குவித்துக் கத்தினார்.

“மருத்முத்து கா கர்வாலி... கல் ஆயேகா! கல் ஆயேகா!”

ஓடினேன். சேற்றில் செருப்பு ஒன்று போயிற்று, எடுக்கவில்லை.

“அண்ணே! கல்லு வருது! ஒங்க கல்லு வருது!”

ஒத்திகையில் இருந்தவர்கள் எல்லோரும் குதித்துவிட்டார்கள். மேடை ஆடிய ஆட்டத்தில் அந்தோணி அண்ணன், “ஏலே, முடிச்சு அவுந்துரும்லே, எறங்கிக் குதிங்கலே!” என்று அலறினார்.

மருதமுத்து அண்ணன் மட்டும் உட்கார்ந்தபடியே கேட்டார்.

“வேற ஏதும் சொன்னானாடா?”

‘கர்வாலி’ என்று ஒரு சொல் என் காதில் விழத்தான் விழுந்தது. அர்த்தம் தெரியாது. தெரியாது என்று சொன்னால் என் இந்தி என்ன ஆவது?

“வேற ஒண்ணும் இல்லண்ணே,” என்றேன்.

இத்தனை வருஷமாக எனக்குள் உறுத்திக்கொண்டிருப்பது இந்த ஒரு வாக்கியம்தான். அவர் முகம் அப்படியே அணைந்துபோனது. அதைப் பார்த்தேன். பார்த்தும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை. கடல் விளிம்பு வரை ஏறியிருந்தது. வெயில் நீர்மேல் பட்டு, ஜெட்டியே காற்றில் மிதப்பது மாதிரி ஒரு மினுக்கம். கல்லைச் சுமக்க மூங்கிலும் வடமும் தயார். பறை, தாளம், கற்பூரம். மருதமுத்து அண்ணன் நாடகத்துக்காக அரிதாரம் பூசி, சிவப்புச் சேலை கட்டி, கையில் செம்பருத்தி மாலையோடு எல்லோருக்கும் முன்னால் நின்றார். முருகனை அந்த வேஷத்திலேயே பாடி வரவேற்பதாக ஏற்பாடு.

லாஞ்ச் வந்தது. கல்லைக் காணோம். முனையில் ஒரு பெண் நின்றார். தோளில் ஒரு துணி மூட்டை.

மூட்டை அழுதது.

செல்லம்மா மதினி! அண்ணன்மார் தடுத்தும் கேட்காமல், ஊரை விட்டுத் தனியாகவே கிளம்பியிருக்கிறார். கைப்பிள்ளையோடு நாலு நாள் கப்பல். போர்ட் பிளேரில் பத்துபஸ்திப் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் தங்கி, அவர்கள் மூலமாக வயர்லெஸ்ஸில் முன்கூட்டியே சொல்லியும் அனுப்பியிருக்கிறார். அதைத்தான் மண்டல் கத்தினார்!

மதினி ஒரு காலை ஜெட்டியில் வைத்தார். மறுகால் லாஞ்சிலேயே இருந்தது. கண் மட்டும் சிவப்புச் சேலைமேல் நின்றுவிட்டது.

“தம்பி, யாரு அந்தப் பொம்பள?”

“மதினி... அது வந்து... அது அண்ணே.”

“எந்த அண்ணே?”

“நம்ம அண்ணேதான்.”

மதினி நம்பவில்லை. “அங்க ஒரு நாடகக்காரி பின்னாடி கெடக்கானாம்னு எங்கண்ணன் சொன்னப்ப நான் நம்பல. என் கண்ணால பாக்கத்தான் வந்தேன். இந்த லாஞ்சு எப்பத் திரும்பும்னு கேட்டுச் சொல்லு.”

பறை நின்றுவிட்டது. தண்ணீர் தூணில் மோதுகிற சத்தம் மட்டும். மருதமுத்து அண்ணனுக்குக் கண் மை கரைந்து கன்னமெல்லாம் கறுப்பாக வழிந்தது. கடைசியில், அந்தச் சேலைக்குள்ளிருந்து, மரம் வெட்டுகிற ஆளின் கரகரத்த குரல் வந்தது.

“செல்லம்... புள்ள ஆணா, பொண்ணா?”

மதினி அவரை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார்.

“பொண்ணு,” என்றார். “கொசுவத்த இப்பிடியா வப்பாக?”

மறுகாலையும் எடுத்து ஜெட்டியில் வைத்தார். பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையால், ஊர் பார்க்க, புருஷனின் கொசுவத்தைச் சரியாக மடித்துச் செருகிவிட்டார்.

அந்தச் சிரிப்பும் அழுகையும் அடங்க வெகு நேரம் ஆயிற்று. அப்புறம்தான் அந்தோணி அண்ணனுக்கு ஞாபகம் வந்தது.

“ஏலே செயலாளர், கல்லு எங்கலே?”

மண்டல் என்னைப் பார்த்து, மதினியைக் கையால் காட்டினார். “கல் போலா தா, கல்! ஆஜ் ஆ கயா!”

‘நாளைக்கு என்றுதானே சொன்னேன், இன்று வந்தாயிற்று’ என்கிறார். இந்தியில் கல் என்றால் நாளை. கர்வாலி என்றால் வீட்டுக்காரி. ‘மருதமுத்து சம்சாரம் நாளைக்கு வரும்’ என்று அவர் சொன்னதைத்தான் நான், ‘மருதமுத்து கல்லு வருது’ என்று ஆக்கியிருந்தேன்.

எனக்கு அது அந்த நொடியே விளங்கிவிட்டது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் மரம் வெட்டுகிற கூலிகளின் மேஸ்திரி கற்பூரத்தைக் கொளுத்திப் பிள்ளைக்குக் காட்டிவிட்டார். “கல்லக் கேட்டோம்... உசிரக் குடுத்திருக்கான்!” என்றார். அன்பில் சொன்ன சொல். எல்லோரும் ‘அரோகரா’ போட்டார்கள். நானும் போட்டேன். நல்லவேளை, தப்பித்தேன் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகவே போட்டேன்.

அந்தச் சொல்தான் வருஷா வருஷம் வளர்ந்து, இப்போது கல்லைக் கடலிலேயே கரைத்துவிட்டது!

அன்றைக்கு நாடகம் நடந்தது. புருஷனைப் பிரிந்த ராணி கதை. அழ வேண்டிய இடத்திலெல்லாம் ராணி சிரித்துக்கொண்டே இருந்தாள். யாரும் குறை சொல்லவில்லை. கடல் இறங்கியும் டோங்கிக்காரர்கள் கிளம்ப மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்...

அண்ணன் கப்பல் ஏறவில்லை. மன்றம் பிழைத்தது. அந்த வருஷத்திலிருந்து உத்திரத்தன்று படகிலிருந்து முதலில் இறங்குகிறவர் யாராக இருந்தாலும் மாலை போட்டுப் பறையோடு கூட்டி வருவது எங்கள் வழக்கம். ஒரு வருஷம் ராஞ்சிக் கூலி ஒருவர். ஒரு வருஷம் போலீஸ் இன்ஸ்பெக்டர், யாரைப் பிடிக்க வந்தார் என்பதையே மறந்துவிட்டார். ஒரு வருஷம் ஆடு. அதற்கும் போட்டோம்.

உண்மையான கல்? அது மூன்று மாசம் கழித்து மழையில் வந்தது. இறக்க நாலு பேர்தான் இருந்தோம். பறையும் இல்லை, தாளமும் இல்லை. அந்த முருகன்தான் இன்றும் அங்கே நிற்கிறார். கரையவில்லை, பத்திரமாக இருக்கிறார்.

மருதமுத்து அண்ணன் இருந்தவரை இதை நான் அவரிடம் சொல்லவில்லை. மதினியிடமும் சொல்லவில்லை. ‘வேற ஒண்ணும் இல்லண்ணே’ என்று சொல்லி ஒரு மனிதரை ஒரு ராத்திரி முழுக்கத் தவிக்க விட்டதை எப்படிச் சொல்வது? போன வாரம் கல்யாணியிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன்.

காபி ஆறிப்போயிருந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அப்போ... யாரும் அனுப்பி வரல. எங்கம்மா தானா வந்திருக்கு.”

“ஆமாம்மா. தானாத்தான் வந்தாக.”

அந்த நாலு தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கோயிலில் கும்பிட்டால் கூச்சப்படுகிறவள், அன்றைக்கு நிமிர்ந்து நடந்து போனாள்.

இதனால் முருகன் குறைந்துபோவானா என்று நானும் படத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன். பெற்றவளின் பிடிவாதத்திலும், ஒரு முட்டாளின் அரைகுறை இந்தியிலும் அவன் இருக்க மாட்டானா என்ன? எனக்கு அது போதும்.

ஒன்று தெரியுமா? இந்தியில் நேற்றுக்கும் அதே ‘கல்’தான். சாயங்காலம் ஜெட்டியில் உட்கார்ந்து நீரைப் பார்க்கும்போது சில நேரம் எனக்கும் அப்படித்தான் ஆகிவிடுகிறது. லாஞ்ச் சத்தம் கேட்கிறது... அது போனதா, வரப்போவதா என்று தெரிவதில்லை.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இதை யாரிடமாவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். அற்புதம் சேர்க்காதீர்கள், என் பொய்யைக் கழிக்காதீர்கள். முக்கியமாக, அந்தக் கொசுவத்தை விட்டுவிடாதீர்கள்.

மலர்க் குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன் — தமிழிலேயே!