சுக்கான் தைத்தவள்

ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் ஏறினால் மேவிஸ் பென்ஃபோல்டுக்குத் தலை சுற்றும். ஜன்னலுக்குத் திரை மாட்ட வேண்டுமென்றாலும் வீட்டுக்காரர் ரெஜ்தான் ஏற வேண்டும். அப்படிப்பட்டவள் தைத்த துணி, யுத்தம் முடிகிறவரை வானத்தில் பறந்துகொண்டிருந்தது.

ஸ்பிட்ஃபயர் போர் விமானம் உடம்பெல்லாம் உலோகம். வாலின் கடைசியில் இப்படியும் அப்படியும் திரும்புகிற சுக்கானுக்கு மட்டும் துணிச் சட்டை. உள்ளே மெல்லிய உலோக எலும்புகள், மேலே லினன் துணி. அந்தத் துணியை எலும்போடு சேர்த்துத் தைத்து, அதைச் சுருக்கி இறுக்குகிற வார்னிஷை மேலே பூசுவார்கள். வார்னிஷ் நெடி நெஞ்சைப் பிடிக்காமல் இருக்க, பூசுகிறவர்களுக்குத் தினமும் ஒரு பாட்டில் பால் உண்டு. ஊருக்கே பால் ரேஷனில் கிடைத்த காலத்தில் இது ராஜ உபசாரம்தான்.

தையல் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். சுக்கானின் இந்தப் பக்கம் மேவிஸ், அந்தப் பக்கம் எத்தெல் ஸ்ப்ராக். இவள் நீள ஊசியைக் குத்தி அனுப்புவாள், அவள் வாங்கித் திருப்பி அனுப்புவாள். ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனி முடிச்சு. ஒன்று அறுந்தாலும் பக்கத்தில் இருப்பது பிடித்துக்கொள்ளும். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாமலே இருவரும் ஊரிலுள்ள எல்லாக் குடும்பங்களின் கதையையும் பேசித் தீர்த்திருந்தார்கள். அவர்கள் தைத்த சுக்கான் ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. மேவிஸுக்கு அதில் கொள்ளைக் கர்வம். மறைக்கவும் மாட்டாள்.

ஆனால் ஒன்று. அந்த விமானத்தில் இருந்தது ஒரே ஓர் இருக்கை. அதைச் செய்தவர்கள் யாரும் அதில் ஏறிப் போனதில்லை, போகவும் வழியில்லை. முடித்துக் கொடுப்பார்கள், யாரோ ஒரு பையன் வந்து ஏறி உட்கார்ந்து கிளப்பிக்கொண்டு போவான். அதோடு சரி. மேலே போனபின் தன் துணி என்ன செய்கிறது என்று மேவிஸுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

யுத்தம் முடிந்ததும் பெண்களுக்குக் கைகுலுக்கி நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த இரண்டு பேரை மட்டும் வில்ட்ஷயர் மாவட்டத்தில் ஒரு சின்னப் பட்டறை எடுத்துக்கொண்டது. பட்டறைக்கு விசித்திரமான தொழில். ஓய்ந்துபோன போர் விமானங்களை வாங்கி, முன்னால் இருந்த இருக்கையை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளி, அதன் முதுகுக்குப் பின்னால் உயரத்தில் இன்னோர் இருக்கை வைத்து, அதற்கும் ஒரு கண்ணாடிக் கூண்டு போடுவார்கள். முன்னால் மாணவன், பின்னால் வாத்தியார். இருவர் கைக்கும் பிடிகோல், இருவர் காலுக்கும் சுக்கானைத் திருப்புகிற மிதி, எல்லாம் அடியில் இணைக்கப்பட்டிருக்கும். முன்னால் இருப்பவன் மிதித்தால் பின்னால் இருப்பவன் காலும் நகரும். ஒற்றை இருக்கைக் காலத்தில் இந்த விமானத்தை ஓட்டக் கற்கிறவன் முதல் தடவையே தன்னந்தனியாகப் போக வேண்டும். திரும்பி வந்தால் கற்றுக்கொண்டான் என்று அர்த்தம்.

நாற்பத்தேழாம் வருஷம் மார்ச் மாதம். ஊரைப் போட்டு உறைய வைத்த பனி அப்போதுதான் இளகியிருந்தது. சோதனை ஓட்டம் போய் இறங்கிய விமானி நெவில் லாங்மோர், தொப்பியைக் கழற்றிக்கொண்டே கொட்டகைக்குள் வந்தார். யுத்தத்தில் எரிந்த விமானத்திலிருந்து குதித்துப் பிழைத்தவர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர்.

"வேகம் ஏத்தினா மிதியில ஒரு நடுக்கம் வருது, டிம்மின்ஸ். சுக்கான் பக்கமா இருக்கும்னு தோணுது."

மேஸ்திரி ஆர்தர் டிம்மின்ஸ் மெல்ல மேவிஸ் பக்கம் பார்த்தார். மேவிஸ் ஏற்கனவே எழுந்துவிட்டிருந்தாள்.

"என் சுக்கான் நடுங்காது. நேத்து ராத்திரி எத்தனை கிளாஸ் ஏத்தினீங்க, மிஸ்டர் லாங்மோர்?"

"ரெண்டுதான், மிஸஸ் பென்ஃபோல்ட். மூணாவதுக்குக் கடையில பீர் தீந்துபோச்சு."

டிம்மின்ஸ் வால் பக்கம் போய்த் துணியை விரலால் தட்டிப் பார்த்தார். தோல் பறை மாதிரி டம்மென்றது. "பிப்ரவரில கரி இல்லாம, அடுப்பு மூட்டாம, அந்தக் குளிர்லயே வார்னிஷ் பூசினோமே. அதனால இருக்குமோ?"

"கரி லாரி வரும்னு உக்காந்திருந்தா ஈஸ்டர் வந்திருக்கும். நான்தான பூசச் சொன்னேன்? தட்டிப் பாத்தீங்கல்ல, எங்க தொளதொளங்குது?"

டிம்மின்ஸ் அவளைத் தனியே அழைத்துப் போனார். நல்ல மனுஷன், கெட்ட செய்தி சொல்ல நேர்ந்தால் முதலில் மூக்கைத் துடைத்துக்கொள்வார். இப்போதும் துடைத்தார்.

"மேவிஸ், கண்ணு, மொதலாளி தெளிவா சொல்லிட்டாரு. குத்தம் துணியிலதான்னா இனிமே வால் வேலை எல்லாம் வெளியில குடுத்துடுவாராம். நம்ம துணி மேசையே இருக்காது."

துணி மேசை என்றால் இரண்டு பேர். மேவிஸுக்கு ரெஜ்ஜின் சம்பளம் இருக்கிறது. எத்தெலுக்கு அதுவும் இல்லை. அவள் புருஷன் யுத்தத்தில் கப்பலோடு மூழ்கிப்போனான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். எத்தெல் தூரத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லித் தொலைடீ, நம்ம தையல்ல ஒண்ணும் இல்லைன்னு" என்று அவள் கத்தினாள்.

"அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

லாங்மோர் சிரித்தார். "பின்னாடி ஒரு இருக்கை சும்மாத்தான் இருக்கு, மிஸஸ் பென்ஃபோல்ட். வந்து நீங்களே மிதிச்சுப் பாருங்க. நடுக்கம் இல்லைன்னு நீங்க சொன்னா நானும் அப்படியே எழுதிக் குடுக்கறேன்."

சோதனை ஓட்டத்தில் வாத்தியார் இல்லாதபோது பின் இருக்கையில் ஓர் ஆள் எடைக்கு மணல் மூட்டையை வைத்துக் கட்டுவது அந்தப் பட்டறை வழக்கம். மூட்டைக்குப் பேர்கூட உண்டு, 'பாதிரியார்'. பிரசங்கம் பண்ணாத ஒரே பாதிரியார் என்பதால். இரண்டு பேர் அந்த மூட்டையை இறக்கினார்கள்.

"எடை சரியா வருமா?" என்றார் ஒருவர்.

டிம்மின்ஸ் மேவிஸை மேலும் கீழும் பார்த்தார். "பாதிரியாருக்கும் இவளுக்கும் ஒரு அரைப் படி மணல்தான் வித்தியாசம். அவரு வாயத் தெறக்கமாட்டாரு, அவ்வளவுதான்."

மேவிஸால் சிரிக்க முடியவில்லை. ஏணியில் மூன்றாம் படி வந்ததும் நின்றுவிட்டாள். திரும்பி எத்தெலைப் பார்த்தாள். எத்தெல் இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிடாத குறையாக நின்றாள். மேவிஸ் கண்ணை மூடிக்கொண்டு மிச்சப் படிகளையும் ஏறினாள். பாராசூட்டை மாட்டி, வாரைப் பூட்டி, காதில் பேச்சுக் கருவி வைத்த தோல் தொப்பியைப் போட்டுவிட்டார்கள். கண்ணாடிக் கூண்டு மூடிக்கொண்டது.

எஞ்சின் கிளம்பியபோது அவள் எலும்பெல்லாம் சேர்ந்து கத்தியது. அந்தச் சத்தத்தை ஆறு வருஷம் வெளியே நின்று கேட்டிருக்கிறாள். உள்ளே இருந்து கேட்பது வேறு. புல்வெளி ஓடியது, குலுங்கியது, குலுக்கல் சட்டென்று நின்றது. நின்றுவிட்டதே, என்ன ஆயிற்று என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

தரையைக் காணோம்.

தலை சுற்றும் என்று காத்திருந்தாள். சுற்றவில்லை. ஏணியில் நின்றால் கால் பூமியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால்தான் பயம். இங்கே பூமியோடு எந்த உறவும் இல்லை. கீழே சுண்ணாம்புக் குன்றுகள் பச்சையும் வெள்ளையுமாகக் கிடந்தன. பள்ளங்களில் பனி இன்னும் தேங்கியிருந்தது. சிந்திப்போன அரிசிபோலச் செம்மறி ஆடுகள். தூரத்தில் சாலிஸ்பரி தேவாலயத்தின் கோபுரம் ஊசிபோல் நின்றது. சின்ன வயதில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த கோபுரத்தை இப்போது குனிந்து பார்த்தாள். அதற்கும் அப்பால் தகதகவென்று ஒரு கோடு.

"அது என்ன வெள்ளையா?" என்றாள்.

"கடல்" என்றது காதுக்குள் லாங்மோரின் குரல். "உங்க கால் மிதியில இருக்குல்ல? வலது காலை மெள்ள அழுத்துங்க. நான் விட்டுடறேன்."

"ஐயோ, வேண்டாம்!"

"கொஞ்சமா. துணியத் தொடற மாதிரி."

வலது காலை அழுத்தினாள். கட்டைவிரல் அளவுக்குத்தான். விமானத்தின் மூக்கு வலப்பக்கம் திரும்பியது. கோபுரமும் குன்றும் ஆடுகளும் கடலும் எல்லாமும் இடப்பக்கம் நகர்ந்தன. வில்ட்ஷயர் முழுக்க அவள் காலுக்குக் கட்டுப்பட்டு நகர்ந்தது. இடது காலை அழுத்தினாள். எல்லாம் திரும்பி வந்தது. ஆண்டவரே, இதைத்தானா நான் இத்தனை நாள் தைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். லாங்மோர் முன்னால் இருந்தார், பார்க்க முடியாது என்பது வசதியாக இருந்தது.

"இப்ப வேகம் ஏத்தறேன். கவனிச்சுக்குங்க."

மூக்கு கீழே சாய்ந்தது. சத்தம் ஏறியது. அவள் பாதங்களில் ஏதோ ஊர்ந்தது, பிறகு நடுங்கியது. பயத்தில் என் கால்தான் நடுங்குகிறது என்று அவள் நினைத்தாள். வெட்கமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கால் இரண்டையும் மிதியிலிருந்து எடுத்து மடக்கிக்கொண்டாள். கால் நடுக்கம் உடனே நின்றது.

குனிந்து பார்த்தாள். யாரும் தொடாத மிதிகள் தாமாக நடுங்கிக்கொண்டிருந்தன.

வாரைத் தளர்த்தி, உடம்பை முறுக்கி, கூண்டின் கண்ணாடியோடு கன்னத்தை ஒட்டிப் பின்னால் பார்த்தாள். முன் இருக்கையிலிருந்து வாலைப் பார்க்க முடியாது. இந்த உயர்ந்த இருக்கையிலிருந்து பார்க்கலாம். சுக்கான் தெரிந்தது. எலும்புகளுக்கு நடுவே மேலேயிருந்து மூன்றாவது இடைவெளியில் துணி உப்பி, அமுங்கி, உப்பி, அமுங்கி, தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி அசைந்தது. கொட்டகையில் டம்மென்று ஒலித்த அதே துணி. குளிரில் பூசிய வார்னிஷ் முழுக்க இறுக்கவில்லை. இந்தக் காற்றுக்கு அது போதவில்லை. ஆனால் துணிக்கு இரண்டு பக்கமும் தையல் வரிசை அசையாமல் இருந்தது. ஒவ்வொரு முடிச்சும் தன் இடத்தில் நின்று அந்த ராட்சசக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அவமானமும் பெருமையும் ஒரே மூச்சில் வந்தன. எதை முதலில் விழுங்குவது என்று தெரியவில்லை.

இறங்கினார்கள். ஏணியை ஒட்டி டிம்மின்ஸ், எத்தெல், கூடவே பாதிப் பட்டறை. லாங்மோர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இல்லை என்று தலையாட்டியிருந்தால் அவர் சொன்னபடி எழுதிக் கொடுத்திருப்பார். அவர் அப்படிப்பட்ட ஆள்தான்.

மேவிஸ் எத்தெலின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"நடுங்குது, மிஸ்டர் டிம்மின்ஸ். மேலேர்ந்து மூணாவது கட்டம். பூச்சு சரியா இறுகல. நான் அவசரப்பட்டது."

"மேவிஸ், நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார் டிம்மின்ஸ். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? எனக்கே மொதல்ல என் காலுதான் நடுங்குதுன்னு தோணிச்சு. நாளைக்கு இதுல படிக்க வர்றவன் தன் பயம்னு நெனச்சுப் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். வெளிய சொல்லமாட்டான், வெக்கமா இருக்கும்."

டிம்மின்ஸ் முதலாளியின் அறைக்குப் போனார், சீக்கிரமே திரும்பி வந்தார். இந்த ஒரு சுக்கானைப் பிரித்துப் புதிதாகத் தைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு துணி மேசை கிடையாது. சொல்லிவிட்டு அவர் நிற்கவில்லை.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா நீ?" என்றாள் எத்தெல். "உனக்கு ரெஜ் இருக்கான். நான் எங்கடீ போவேன்?"

மேவிஸ் கத்தியை எடுத்துத் துணியைக் கீறினாள். எத்தெல் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் ஒரு கத்தியோடு வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே முடிச்சுகளை அறுக்கத் தொடங்கினாள். முடிச்சுகள் லேசில் அறுபடவில்லை. ஒவ்வொன்றாக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பாதித் துணி உரிந்து, உள்ளே எலும்புகள் தெரிந்தபோது எத்தெல் தலை நிமிராமல் கேட்டாள்.

"மேல எப்படிடீ இருந்துச்சு?"

கோபுரத்தைப் பற்றிச் சொல்லலாம், கடலைப் பற்றிச் சொல்லலாம் என்று மேவிஸ் நினைத்தாள். அதெல்லாம் விட்டுவிட்டு, ஷூவைக் கழற்றித் தன் வலது காலின் கட்டைவிரலை எத்தெலுக்குக் காட்டினாள்.

"இவ்வளவுதான் அழுத்தினேன். ஒலகமே திரும்பிச்சு, எத்தெல். திருப்பினது எது தெரியுமா? நீயும் நானும் தைச்சதுடீ."

எத்தெல் கத்தியைக் கீழே வைத்தாள். அறுத்த முடிச்சு ஒன்று அவள் உள்ளங்கையில் இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.