அண்ணி தொட்ட தோள்

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிவந்து டிராக்டர்கள் வரிசையில் நிற்கும்போது, வீரமுத்து அண்ணனின் குறட்டையை வைத்து நாங்கள் பண்ணாத கேலி இல்லை. ஸ்டியரிங்கில் தலை சாய்த்த மறுநிமிடம் தூங்கிவிடுவார். வரிசை நகர்ந்தால் பின்வண்டிக்காரன் இறங்கிப்போய் எழுப்ப வேண்டும். பெரும்பாலும் அது நான்தான். கொடுத்துவைத்த மனிதர் என்று பொறாமைப்பட்டவனும் நான்தான். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

போன தை மாதம் பட்டப்பகலில், லோடோடு போனவர் கண் அயர்ந்து வண்டியை ஏரிக்கரைச் சரிவில் இறக்கிவிட்டார். ஒரு புளியமரம் தடுத்ததால் பிழைத்தார். அன்றே ஆண்டாள் அண்ணி சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். “இன்னா வியாதின்னு தெரியாம வண்டிய தொடக்கூடாது.” ஓட்டுவதைத் தவிர வேறு பிழைப்பு தெரியாதவர் அண்ணன்.

சங்கராபுரத்து டாக்டர், கள்ளக்குறிச்சியில் காது மூக்கு தொண்டை பார்ப்பவருக்குச் சீட்டு எழுதினார். அவர் நுரையீரல் டாக்டரிடம் அனுப்பினார். நுரையீரல் டாக்டரோ, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வந்து தூங்கச் சொன்னார். அதுதான் டெஸ்ட்டாம். நாங்கள் அதற்கும் சிரித்தோம்.

தலை, நெஞ்சு, விரல் என்று ஒயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். துணைக்கு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து, அடுத்த அறையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த மலர்விழி என்ற பெண் எழுந்து வந்தாள்.

“அக்கா, ஏன் அவர தட்டிக்கினே இருக்கீங்க?”

“குறட்ட நின்னா தோள்ல தட்டுவேம்மா. தட்டுனா மறுபடி வுடுவாரு. கல்யாணம் ஆனதுலேந்து அப்பிடித்தான்.”

மலர்விழி அண்ணியின் கையை மெல்ல விலக்கினாள். “நிக்கறது குறட்ட இல்லக்கா, மூச்சு. இன்னிக்கு ஒரு நாள் தொடாதீங்க. நான் பாத்துக்கறேன்.”

அண்ணியை வெளியே உட்காரவைத்தார்கள். காலையில் ரிசல்ட் வந்தது. மணிக்கு நாற்பத்தாறு தடவை மூச்சு நின்றிருக்கிறது. ஒரு தடவை ஐம்பத்தெட்டு விநாடி. ஒவ்வொரு தடவையும் உடம்பே பதறி அவரை உசுப்பியிருக்கிறது. ராத்திரி தூங்காத தூக்கம்தான் பகலில் வந்திருக்கிறது. கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. எந்த ஒயரும் இல்லாமல், பத்தொன்பது வருஷமாக, தன் தூக்கத்தை விட்டு இதை அண்ணி கவனித்திருக்கிறார்.

மூக்கில் மாட்டும் காற்று மெஷின் கொடுத்தார்கள். ஒரு மாதம் போட்டுப் பகல் தூக்கம் போனால் வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர். வீட்டில் குறட்டை நின்றுபோனது. அந்த அமைதிக்குப் பயந்து, அண்ணி ராத்திரியெல்லாம் அவர் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மாதம் முடிந்து டாக்டரும் சரி சொன்னார். மறுநாள் விடிகாலை லோடு. ஏழு மணியாகியும் அண்ணன் வரவில்லை. போன் போட்டேன். கிசுகிசுவென்று பேசினார்.

“சாவி அவ முந்தானையில கீதுடா. நல்லா தூங்கிக்கினு கீறா.”

“எழுப்புண்ணா.”

“மாட்டேன். அவ தூங்கி நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்.”