ஸ்காட்லாந்துக்குக் கீழே நம் குடியிருப்பு

லிஃப்ட் மெக்கானிக்குக் கால்பந்து தெரியாது. பந்து வலைக்குள் போனால் கோல் என்பதோடு அவருடைய ஞானம் நின்றுவிட்டது. தொலைக்காட்சியில் ஐரோப்பிய ஆட்டம் ஓடும்போது எல்லோர் கண்ணும் பந்தின் பின்னால் ஓடும். இவர் கண் மட்டும் கூட்டத்தில் மேயும். “அந்த மூலையில ரெண்டு வரிசை காலியா கெடக்கு பாருங்க” என்பார். பக்கத்தில் இருப்பவர் மெல்ல நகர்ந்து உட்காருவார்.

தொழிலால் வந்த கிறுக்கு அது. லிஃப்டில் எத்தனை பேருக்கு இடம், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, இடத்துக்கும் ஆளுக்கும் உள்ள உறவு அவர் மூளையில் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் எந்த நாட்டுக் கால்பந்து லீகுக்கு எவ்வளவு கூட்டம் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. அன்றைக்கு விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை.

“சராசரின்னு பார்த்தா ஜெர்மனிதான். ஆனா இருக்கை ரொம்புறதுல இங்கிலாந்த அசைக்க முடியாது. மக்கள்தொகைக்கு வகுத்தா ரெண்டு பேரையும் ஸ்காட்லாந்துக்காரன் தூக்கிச் சாப்பிட்டுடுவான்.”

“அவன் சாப்பிடட்டும். நீங்க முதல்ல சாப்பிடுங்க” என்பாள் மனைவி. அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள். வாயைத் திறந்தவர்களை மூட வைக்கும் பழக்கம் அங்கிருந்தே வந்தது.

அவர்கள் குடியிருந்தது இரண்டு பிளாக்கும் நடுவில் பொதுவாக ஒரே லிஃப்டும் கொண்ட அடுக்குமாடியில். லிஃப்டை ஓசியில் பழுது பார்க்கிறார் என்ற ஒரே தகுதிக்காக மெக்கானிக்கைப் பிடித்துச் சங்கச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். அப்போது ஏ பிளாக் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. நேர் கீழே குடியிருந்த பாட்டு டீச்சர் ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாகத்தான் சமைத்தாள். தொட்டியை மாற்றச் சங்கம் தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் போடப் பாதிப் பேராவது வர வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் அறுபது நாற்காலி போட்டால் ஏழு பேர் வந்தார்கள். அதில் ஒருவர், நாற்காலி வழி மறித்ததால் காரை எடுக்க முடியாமல் உட்கார்ந்தவர்.

மெக்கானிக் ரோஷக்காரர். மறுநாள் லிஃப்ட் சுவரில் ஒரு பட்டியலை ஒட்டினார். இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்காட்லாந்து என்று இறங்கி இறங்கி, எல்லோருக்கும் அடியில் சிவப்பு மையில்: நம் குடியிருப்பு, நூற்றுக்குப் பன்னிரண்டு.

சங்கத் தலைவரான ஓய்வுபெற்ற நீதிபதி அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார். “தம்பி, அங்க டிக்கெட் வாங்கிட்டுப் போறான். இங்க ஓசி. ரெண்டையும் எப்படி ஒரே தட்டுல வைப்பீங்க?”

“ஓசியிலயே யாரும் வரலைன்னா இன்னும் கேவலம் இல்லையா சார்?”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஐந்தாவது மாடிப் பொத்தானை அமுக்கினார்.

பி பிளாக் மருந்துக்கடைக்காரர் வேறு வழி கண்டுபிடித்தார். “சில நாட்டுல வந்த தலைய எண்ணுறதில்ல, வித்த டிக்கெட்டத்தான் எண்ணுறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ போட்ட நாற்காலியவே வருகைன்னு எழுதிடுங்க. நூத்துக்கு நூறு.”

“அது மோசடிங்க” என்றார் மெக்கானிக், தன் பெண்ணைப் பற்றி யாரோ தப்பாகப் பேசிவிட்டதைப் போல.

ஆனாலும் பட்டியல் வேலை செய்தது. ஸ்காட்லாந்தை வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்களுக்கும் அதற்குக் கீழே இருப்பது உறுத்தியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறுபது நாற்காலியும் நிரம்பின. தொட்டி வேண்டும் என்ற ஏ பிளாக் இடப்பக்கம், அடுத்தவன் தொட்டிக்கு நாம் ஏன் பணம் தர வேண்டும் என்ற பி பிளாக் வலப்பக்கம். அதற்கடுத்த வாரம் பி பிளாக் முழுக்க நீலச் சட்டையில் வந்தது. மருந்துக்கடைக்காரர் தன் மச்சான் குடும்பத்தை வெளியூர் ரசிகர்களாக அழைத்து வந்து பின்னால் நிற்க வைத்தார். நீதிபதி விசில் வாங்கிக்கொண்டார்.

ஒன்றுதான் நடக்கவில்லை. ஓட்டெடுப்பு. எடுத்தால் ஒரு பக்கம் தோற்க வேண்டும். தோற்பதற்காகவா இத்தனை பேர் குளித்து முழுகி வந்தார்கள்? யாராவது “ஓட்டு” என்று வாயெடுத்தால் இரண்டு பிளாக்கும் சேர்ந்து கூச்சல் போட்டு அமுக்கின. கடைசியில் நீதிபதி விசிலடித்து, ஆட்டம் சமன் என்று அறிவித்தார். எல்லோரும் கை குலுக்கிக்கொண்டு கலைந்தார்கள். தொட்டி ஒழுகிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் மாடிப்படியில் பாட்டு டீச்சர் மெக்கானிக்கை நிறுத்தினாள். “அண்ணே, ஸ்காட்லாந்தத் தாண்டியாச்சா?”

“போன வாரமே தாண்டிட்டோம்மா.”

“சந்தோஷம். என் அடுப்புதான் மூணு வாரமா பத்த மாட்டேங்குது.”

சொல்லிவிட்டுக் குடையை உதறிக்கொண்டு மேலே போய்விட்டாள். மெக்கானிக்குக் காது மடல் சுட்டது. தான் சேர்த்த கூட்டம் எதற்காக என்பதையே மறந்துபோயிருந்தார்.

நான்காவது கூட்டம் முடிந்ததும், யார் முதலில் வீடு போய்ச் சேருவது என்பதிலும் போட்டி மூண்டது. எட்டுப் பேர் ஏற வேண்டிய லிஃப்டில் இரண்டு பிளாக்குமாகப் பதினைந்து பேர் திணித்துக்கொண்டார்கள். லிஃப்ட் ஒரு முக்கல் முக்கிவிட்டு மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றது. மெக்கானிக் ஓடிவந்து நான்காவது மாடிக் கதவை ஒரு சாண் விலக்கினார். உள்ளேயிருந்து நீதிபதியின் குரல் நசுங்கி வந்தது.

“தம்பி, இது எத்தனை சதவீதம்?”

மெக்கானிக்கால் அடக்க முடியவில்லை. “நூத்தி எண்பத்தேழு சார்.”

“ஐரோப்பாவுல உண்டா?”

“எங்கயும் கிடையாது சார்.”

உள்ளே ஆரவாரம். லிஃப்ட் அரை அங்குலம் இறங்கியது. ஆரவாரம் நின்றது.

பாட்டு டீச்சர் அவர் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். இடுக்கில் வாய் வைத்து, “தொட்டிய மாத்தலாமா வேணாமா? இப்பவே சொல்லுங்க” என்றாள்.

“பாதிப் பேர் இல்லியேம்மா” என்றார் நீதிபதி.

மெக்கானிக் நிதானமாகச் சொன்னார்: “கூட்டம் நடக்குற இடம் இப்ப லிஃப்டு. அதுல எட்டுப் பேருக்குத்தான் இடம். நாலு பேர் வந்தாலே பாதி. நீங்க பதினஞ்சு பேர் இருக்கீங்க.”

நீதிபதி யோசித்தார். அந்த நெரிசலில் அதைவிடச் சிறந்த வாதம் அவருக்குத் தோன்றவில்லை. “சரி. எதிர்க்கிறவங்க கை தூக்கலாம்.”

ஒருவராலும் கை தூக்க முடியவில்லை. மருந்துக்கடைக்காரரின் வலக்கை யாருடைய முழங்காலுக்கு அடியில் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதுவரை கையில் சும்மா வைத்திருந்த, லிஃப்டை நகர்த்தும் சாவியை மெக்கானிக் அதன் பிறகுதான் திருப்பினார்.

புதுத் தொட்டி வந்தது. பாட்டு டீச்சர் நன்றியாக உள்ளூர் கால்பந்து ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாவெறுப்பாகத்தான் மனைவி கிளம்பினாள். அங்கே போய் மெக்கானிக் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, காலி இருக்கைகளை வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. மனைவி பெஞ்சின் மேல் ஏறி நின்று நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னாச்சும்மா?”

“கோல் போட்டாச்சு, அந்த விசில்காரன் செல்லாதுங்கிறான். பார்க்கலியா?”

“யாரு போட்டா?”

“நம்ம ஆளு.”

“நம்ம ஆளு யாரு?”

அவள் கண் பந்தைவிட்டு நகரவில்லை.

இப்போதெல்லாம் அவள் ஓர் ஆட்டத்தையும் விடுவதில்லை. மறுநாள் மருத்துவமனையில் கம்மிய குரலில்தான் ஆட்களைக் கூப்பிடுகிறாள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அவரும் கூடவே போகிறார். ஆஃப்சைடு விதி என்றால் என்ன என்று அவள் இரண்டு முறை விளக்கிவிட்டாள். மூன்றாவது முறை கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.