பாலத்தோடு திரும்பிய விமானம்

எண்பத்தேழாம் ஆண்டு. ஜெர்மனியில் பீலெஃபெல்டு நகருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கிராமத்தில், அகதிகளுக்கென்று கொடுத்த பழைய வீட்டில் தமிழர்கள் ஆறு பேர் இருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. ஊர் முடிகிற இடத்தில் ஓர் ஆறு, அதன்மேல் ஒரு பாலம். அந்தப் பக்கம் அடுத்த மாவட்டம். அங்கே பொலிஸ் பிடித்தால் தண்டம் கட்ட வேண்டும், அகதி வழக்கும் பழுதாகிவிடும் என்று பயந்து கிடந்தோம்.

பக்கத்து வீட்டில் ஒரு ஜெர்மன்காரர், பஸ் சாரதி. தன் கராஜுக்குள் நீளமாக ஒரு மரப்பெட்டி செய்துகொண்டிருந்தார். என்னவென்று சைகையில் கேட்டேன். பெட்டியைத் தொட்டு, வானத்தைக் காட்டினார். ஐயோ, வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தேன். மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம்! அந்தப் பெட்டிதான் அதன் உடம்பாம். தன் கையாலேயே அதைச் செய்து, வடகடலைப் பார்க்கப் பறந்து போவதென்று எப்போதோ முடிவெடுத்துவிட்டாராம். அவருடைய மனைவிக்கோ பறப்பதென்றாலே நடுக்கம்.

சும்மா குந்தியிருந்த எனக்கு அது போதாதா? தினமும் போய் நின்றேன். மரச்சட்டங்களைப் பிடித்தேன், பசை தடவினேன். சிறகுகளுக்குத் துணி போர்த்தி, அயன் பெட்டியால் சூடுகாட்டி இறுக்க வேண்டும். என் சேர்ட்டைக்கூட நான் அவ்வளவு கவனமாக அயன் பண்ணியதில்லை. ஜெர்மன் மொழியையும் அந்தக் கராஜில்தான் படித்தேன்.

எண்பத்தொன்பது கோடையில் விமானம் தயார். அவர் தனியே பலமுறை பறந்து காட்டியபின், ஆள் ஏற்றவும் அனுமதி கிடைத்தது. "முதலில் ஏறுவது நீதான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிறோம்" என்றார்.

துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். எங்களில் மூத்த அண்ணை குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்கென்ன விசரே? கடல் எத்தினை மாவட்டத்துக்கு அங்காலை கிடக்கு! எஞ்சின் நிண்டு எங்கையாவது இறங்கினா, பொலிஸ் வந்து அவுஸ்வைஸ் அட்டையைக் கேப்பான். பிறகு உன்னைக் கொழும்புக்குத்தான் பிளேன் ஏத்துவான்."

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னதும் சரிதான். என் வழக்கு இன்னும் முடியவில்லை.

அடுத்த நாள் போய், வர முடியாது என்று காரணத்தோடு சொன்னேன். இவ்வளவு பழகியும் அப்படி ஒரு சட்டம் இருப்பது அவருக்குத் தெரியாது. முதலில் நம்பவேயில்லை. என் அடையாள அட்டையை வாங்கி, அதிலிருந்த முத்திரையை வாசித்தார். முகம் சிவந்துபோனது. அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். கோபித்துவிட்டார் என்று நினைத்து, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறு காலை எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு வரைபடம். எங்கள் மாவட்டத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் தடிப்பாகக் கோடு போட்டிருந்தார்.

"இதற்குள் பறப்போம்."

"அப்ப கடல்?"

"கடல் எங்கே ஓடிவிடப் போகிறது? உன் விசா வரட்டும்."

அண்ணை உள்ளே ஓடிப்போய் இரண்டு தேசிக்காய் கொண்டுவந்தார். "சில்லுக்குக் கீழை வைச்சு நசிச்சுப்போட்டு ஏறு. கவனமாப் போட்டு வா." விமானத் திடலில், ஏன் எதற்கு என்று கேட்காமல் அந்த மனுசன் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சையை வைத்து அதையும் செய்தார்.

மேலே போனதும் பயம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பாலம் தெரிந்தது. சைக்கிளில் வந்து வந்து நான் திரும்பிப்போன அதே பாலம். வானத்தில் ஒரு முகில் இல்லை, கடலுக்குப் போக அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அவர் வடக்கே ஒருமுறை பார்த்தார். பிறகு, பாலத்துக்கு முன்னாலேயே விமானத்தைச் சரித்துத் திருப்பினார்.

விசா வந்த பிறகு இருவருமாகக் கடலையும் பார்த்தோம். உண்மையைச் சொன்னால், குளிர்ந்த காற்றைத் தவிர எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் நினைவில்லை. ஆனால் எந்தத் தடையும் இல்லாத ஒரு மனிதர், தன் வாழ்நாள் ஆசையைக் கண்முன்னே வைத்துக்கொண்டு, எனக்காக அந்தப் பாலத்தோடு திரும்பினாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்குகிறது.